நீர் தேங்காத ஊரில் ஆயில் மாற்றுவது எப்போது?

ஓர் ஆல்-வீல் டிரைவ் வண்டியின் பின் டிஃபரன்ஷியல் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல. முதலியார்பேட்டை மெக்கானிக் அம்மாவாசை அதற்கு மூன்றே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் படித்தது எட்டாம் வகுப்பு. எங்கள் இயக்ககத்தில் முதுகலைப் பட்டதாரிகள் மட்டும் பதினொரு பேர். ஆகவே அதே கேள்விக்கு விடை காண எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. விடையும் வேறாக வந்தது.

எங்கள் இயக்ககம் என்றால் மழைநீர் வடிகால் மேற்பார்வை இயக்ககம். புதுச்சேரியில் மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து மேலிடத்துக்கு எழுதுவது எங்கள் கடமை. பார்ப்பவர் ஓட்டுநர் வெற்றிவேல். எழுதுபவன் கண்காணிப்பாளராகிய நான். கையெழுத்துப் போடுபவர் இயக்குநர் கலைவாணன். இந்த வரிசையில் மேலே போகப் போகத் தண்ணீர் வடிந்துகொண்டே வரும். வெற்றிவேல் கண்ணில் இடுப்பளவு இருந்தது என் குறிப்பில் கணுக்காலளவு ஆகும். இயக்குநர் மேசையில் தரை காய்ந்துவிடும். ஊரில் வேறு எந்த வடிகாலும் இத்தனை நன்றாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கடமைக்காகத்தான் அந்த வண்டி வாங்கப்பட்டது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. பனிமலை, பாலைவனம், பாறைச்சரிவு எல்லாவற்றிலும் ஏறும் என்று விளம்பரப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடை. ஆனாலும் காலம் அப்படி. குழந்தையைப் பள்ளியில் விடுவதற்கும், பெரிய மார்க்கெட்டில் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்குவதற்கும் மலையேறும் வண்டியில் வருகிறார்கள். மீன்காரம்மாக்களே, “சார், உங்க வண்டி போனாதான் மத்தவங்க மீனு வாங்க முடியும்” என்று கெஞ்சுகிற நிலை. இயக்குநரின் மைத்துனரே அப்படி ஒன்று வைத்திருந்தார். அதற்குப் பிறகு இயக்ககத்துக்கு அது இன்றியமையாதது ஆகிவிட்டது. “நிர்வாக நலன் கருதி” என்று கோப்பில் எழுதினேன். யாருடைய நிர்வாகம், யாருடைய நலன் என்று கோப்பு கேட்காது. கோப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜனவரி மாதம் ஒரு காலை, வெற்றிவேல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இருபத்தாறு வருஷ சர்வீஸ். வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்குக் காய்ச்சலா, கோபமா என்று சொல்லக்கூடியவர்.

“சார், பின்னால முனகுது சார்.”

“யாரு?”

“வண்டி சார். நாப்பதுக்கு மேல போனா பின்னச்சுல ஒரு முனகல். டிஃபரன்ஷியல்ல தண்ணி பூந்திருக்கும்னு நெனைக்கிறேன். அம்மாவாசைகிட்ட காட்டிட்டு வந்துடலாம், நீங்களும் வாங்க. நான் ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டாங்க.”

போனோம். அம்மாவாசை வண்டிக்கு அடியில் படுத்து, பின்னச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி இருந்த பெட்டியில் ஒரு திருகாணியைக் கழற்றினார். விரலை விட்டு எடுத்துக் காட்டினார்.

“இன்னா தெரியுது?”

“காபி மாதிரி இருக்கு” என்றேன்.

“தேன் மாதிரி இருக்கணும். காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். வண்டி திரும்பறப்ப வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டுக்கும் சண்டை வராம பாத்துக்கறது இந்தப் பெட்டிதான். உள்ள இருக்கறது ஒரு செம்பு எண்ணெய். அது கெட்டா பல்லு தேயும். பல்லு தேஞ்சா ஒருநாள் நடுரோட்டுல ஒக்காந்துக்கும்.”

“எப்ப மாத்தணும்?”

“சும்மா ஓட்டுனா அம்பதாயிரம் கிலோமீட்டர்ல மாத்துங்க. மண்ணு, மேடு, பாரம்னா அதுல பாதி. தண்ணியில...” என்று நிறுத்தி, அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். “முங்குனா உடனே மாத்தணும்.”

“இது ஓடினதே பதினெட்டாயிரம்தான்.”

“முங்குச்சா, இல்லியா?”

வெற்றிவேல் என்னைப் பார்த்தார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

“அரை மணி நேர வேலை” என்றார் அம்மாவாசை. “இப்பவே மாத்திடட்டா?”

எங்கள் துறையில் எந்த வேலையையும் இப்பவே செய்வது முறைகேடு. திருகாணியை மாட்டச் சொன்னேன். இன்றைக்கும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி யோசிக்கிறேன். அன்று முழுக்க எனக்கு வேறு ஒரு வேலையும் இருக்கவில்லை.

வண்டி எங்கே முங்கியது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். கோப்பில் சொல்லவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி, புயல் கரையைக் கடந்த மறுநாள், முதலியார்பேட்டையில் எங்கள் தெரு ஆறாக ஓடியது. என் வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீர். நானும் என் மனைவி மாலாவும் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். இரண்டு வீடு தள்ளி வெற்றிவேல் வீடு. அவர் மனைவி அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவள். அவளுடைய பூக்கூடை மிதந்து வந்து எங்கள் வாசல்படி தாண்டி, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றது. அப்போது இயக்குநரிடமிருந்து போன். “உடனே ஆபீஸ் வாங்க. அறிக்கை பத்து மணிக்குள்ள போகணும்.” எப்படி வருவது என்றேன். “வண்டி அனுப்பறேன். அதுக்குத்தான வாங்குனோம்?”

வெற்றிவேல் வந்தார். வண்டியின் கதவுக் கைப்பிடி வரை தண்ணீர். அலை அடித்துக்கொண்டு, கப்பல் மாதிரி வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு, அதே தண்ணீரில் திரும்பவும் போய், அலுவலகத்தில் இறக்கிவிட்டார். நான் முழுக்கால் சட்டையைப் பிழிந்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இயக்குநர் சொல்லச் சொல்ல அடித்தேன்: “இயக்ககம் மேற்கொண்ட முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளின் பயனாக நகரில் எங்கும் நீர் தேங்கவில்லை.”

பின்னச்சுக்குள் தண்ணீர் புகுந்தது இப்படித்தான்.

இனி கோப்பு. “பின் டிஃபரன்ஷியல் ஆயிலில் நீர் கலந்துள்ளதால் மாற்ற அனுமதி வேண்டப்படுகிறது” என்று எழுதி, கணக்கு அலுவலர் கார்குழலியிடம் அனுப்பினேன். அந்த அம்மையார் ஒரு கோப்பைத் திறந்தால் எழுத்துகளே எழுந்து நிற்கும். பத்து நிமிடத்தில் என்னையும் வெற்றிவேலையும் கூப்பிட்டார்.

“நீர் கலந்துள்ளதுன்னு எழுதியிருக்கீங்க. எங்கேருந்து வந்த நீர்?”

“மழை மேடம்” என்றார் வெற்றிவேல்.

“மழை பெஞ்சா தண்ணி மேலேருந்துதான வரும்? இது வண்டிக்கு அடியில இருக்கு.”

“ரோட்டுல நின்ன தண்ணி மேடம்.”

கார்குழலி இழுப்பறையைத் திறந்து டிசம்பர் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். “எங்கும் நீர் தேங்கவில்லை. இது நம்ம இயக்ககத்தோட அறிக்கைதான?”

“ஆமாம் மேடம்” என்றேன்.

“தண்ணி நிக்கலங்கறதுக்கு ஆதாரம் அறிக்கை. நின்னுச்சிங்கறதுக்கு ஆதாரம் ஆயில். ரெண்டுல எதுல சீல் இருக்கு?”

“அறிக்கையில.”

“அப்ப ஆயில்தான் தப்பு.”

“ஆயிலுக்கு எப்படி மேடம் சீல் வைக்கிறது?” என்று வெற்றிவேல் கேட்டார். குறும்புக்குக் கேட்கவில்லை. வைக்க முடிந்தால் வைத்துக்கொண்டு வந்திருப்பார்.

விவகாரம் இயக்குநருக்குப் போனது. கலைவாணன் சார் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், குழு அமைப்பார். “நீர் தேங்காத நிலையில் நீர் புகுந்தமை குறித்த ஆய்வுக் குழு” என்று ஒன்று அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள் கார்குழலியும் நானும். சாட்சி வெற்றிவேல். குற்றவாளி என்று யாரும் இல்லை. அந்த இடம் காலியாக வைக்கப்பட்டது. காலியிடம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பாமல் எந்தத் துறைக்கும் மனசு ஆறாது என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் அமர்வு.

“டிசம்பர் ஒண்ணாந்தேதி காலையில நீ எங்கய்யா இருந்த?” என்று இயக்குநர் கேட்டார்.

“வண்டியிலதான் சார். மொதல்ல உங்களத்தான ஆபீசுல கொண்டாந்து விட்டேன், நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

“நான் இருந்தேனா?”

“காலைத் தூக்கி சீட்டு மேல வச்சிக்கிட்டு இருந்தீங்க சார்.”

“ஏன் அப்படி வச்சிருந்தேன்?”

“அத நீங்கதான் சார் சொல்லணும்.”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் நடவடிக்கைக் குறிப்பில், “இயக்குநர் அன்றைய தினம் மூட்டு வலி காரணமாகக் கால்களை உயர்த்தி வைத்திருந்தார்” என்று எழுதினேன். அவர் முகத்தில் வலி குறைந்தது.

இரண்டாவது அமர்வில், தண்ணீர் எப்படியெல்லாம் வந்திருக்கலாம் என்று ஆராய்ந்தோம். கடற்காற்றின் ஈரப்பதம் என்றார் இயக்குநர். அப்படியானால் கடற்கரைச் சாலையில் நிற்கும் எல்லா வண்டியும் காபி குடிக்க வேண்டுமே என்றார் கார்குழலி. பனி என்றேன். மே மாதம் வரை அதை ஆராய்ந்தோம். வண்டி அந்த மாதங்களில் எல்லாம் முனகிக்கொண்டே ஓடியது. முதலில் நாற்பதில் முனகியது, பிறகு முப்பதில், கடைசியில் நின்ற இடத்திலேயே பெருமூச்சு விட ஆரம்பித்தது. வெற்றிவேல் வாரம் ஒரு மனு கொடுத்தார். “ஒரு செம்பு ஆயில் சார். என் கைக்காசப் போட்டு நானே மாத்திடறேன் சார்.” அரசு வாகனத்துக்குத் தனிநபர் எண்ணெய் ஊற்றுவது அன்பளிப்பாகக் கருதப்பட்டு விசாரணைக்குரியது என்று பதில் கொடுத்தோம்.

ஜூன் மாதம் கார்குழலி கண்டுபிடித்தார். வண்டி வரலாற்றுப் பதிவேட்டில், போன அக்டோபரில், ஆயுத பூஜை.

“வெற்றிவேல், பூஜைக்கு வண்டியக் கழுவுனீங்களா?”

“கழுவுனேன் மேடம். எல்லாரும்தான் கழுவுனாங்க.”

“அடியில கழுவுனீங்களா?”

“அடி, மேலு, சந்து, பொந்து எல்லாம் மேடம். வருஷத்துல ஒருநாள். சந்தனம் குங்குமம் வச்சி, எலுமிச்சம்பழம் நசுக்கி, நம்ம ஆபீசுலயே நல்லா இருந்த வண்டி அதுதான்னு சார் வாயாலயே பாராட்டுனாரு.”

ஒரு மனிதன் தன் வாயால் இத்தனை உண்மையைச் சொல்லி எங்கள் அலுவலகம் கேட்டதில்லை.

“நீர் ஆதாரம் கிடைச்சிடுச்சி” என்றார் இயக்குநர்.

ஆனால் கார்குழலி சான்று இல்லாமல் எதையும் ஏற்கமாட்டார். செயல்முறைப் பரிசோதனை ஒன்றுக்கு உத்தரவானது. ஜூலை இரண்டாம் வாரம், அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஐம்பத்தோரு குடம் தண்ணீரை அதன் மேலும் அடியிலும் ஊற்றினோம். குடத்துக்கு ஒருவராகப் பணியாளர்கள் வரிசையில் நின்றார்கள். வெறும் வண்டிக்கு இவ்வளவு தண்ணீரா என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று பயந்து, கடைநிலை ஊழியர் விஜய் ஒரு மாலை வாங்கி வந்து போட்டார். மாலையைப் பார்த்ததும் தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு அம்மாள் சூடம் கொடுத்தார். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் நால்வர் படம் எடுத்து, நெற்றியில் குங்குமம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இருபதாவது குடத்தில் எங்கிருந்தோ ஒரு மேளம் சேர்ந்தது. நாற்பதாவது குடத்தில் இயக்குநரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊற்றினார். நானும் ஊற்றினேன். பொய் சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அம்மாவாசையை வரவழைத்துத் திருகாணியைக் கழற்றச் சொன்னோம். ஆயில் காபி நிறத்தில் இருந்தது.

“நிரூபணம்!” என்றார் இயக்குநர்.

“மொதல்லயும் காபியாத்தான சார் இருந்துச்சி?” என்றார் வெற்றிவேல்.

“முன்ன இருந்தது பரிசோதனைக்கு முந்தின காபி. இது பரிசோதனைக்குப் பிந்தின காபி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதய்யா.”

அம்மாவாசை விரலைத் துடைத்துக்கொண்டே, “சாமி கும்பிட்டது போதும். இப்பவாவது மாத்தறீங்களா?” என்று கேட்டார். ஆய்வு அறிக்கை வராமல் தடயப் பொருளை அகற்ற முடியாது என்று அவருக்கு விளக்கினோம்.

அறிக்கை வந்தது. “ஓட்டுநர் மிகைப்பட்ட பக்தியினால் வாகனத்தை அளவுக்கு மீறிக் கழுவியதே நீர் புகக் காரணம். பராமரிப்பில் பக்தி காட்டுவதைத் தவிர்க்குமாறு அனைத்து ஓட்டுநர்களும் அறிவுறுத்தப்படுகிறார்கள். வாகனம் மழை வெள்ளத்தில் செல்லாததால், எண்ணெயை வழக்கம்போல் ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றினால் போதுமானது. ஓட்டுநர் வெற்றிவேல் நிர்வாக நலன் கருதி ஏனாமுக்கு மாற்றப்படுகிறார்.”

எங்கள் ஆட்சிப் பகுதி நான்கு துண்டு. ஏனாம் ஆந்திராவுக்குள் இருக்கிறது. எண்ணூறு கிலோமீட்டர், பேச்சு தெலுங்கு. இங்கே ஒருவரைத் திட்ட வேண்டும் என்றால் கெட்ட வார்த்தை தேவையில்லை, ஏனாம் என்றால் போதும். வெற்றிவேலுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம். மகள் அபி பன்னிரண்டாம் வகுப்பு. அஞ்சலாட்சி மார்க்கெட்டில் பத்து வருஷம் சண்டை போட்டுப் பிடித்த இடத்தை ஒரு வாரம் காலியாக விட்டால், திரும்பி வரும்போது அங்கே முருங்கைக்காய் இருக்கும்.

ஆனால் எங்கள் இயக்ககம் இரக்கமற்றது அல்ல. உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது: “டிசம்பர் ஒன்றாம் தேதி நகரில் ஏதேனும் ஒரு தெருவில் நீர் தேங்கியிருந்ததை நேரில் கண்ட ஒருவர் எழுத்துமூலம் கையொப்பமிட்டால் உத்தரவு மறுபரிசீலனை செய்யப்படும். ஏழு நாள் அவகாசம்.”

வெற்றிவேல் சிரித்துக்கொண்டே போனார். “ஒருத்தர் போதுமாம் சார்! ஊரே நனைஞ்சிச்சி. ஒரு லட்சம் கையெழுத்து வாங்கிட்டு வரேன்.”

ஏழு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் படி ஏறி இறங்கினார்கள். தங்கும் விடுதிக்காரர், “தம்பி, தண்ணி நின்னுச்சின்னு எழுதிக் குடுத்தா டிசம்பர் புக்கிங் இன்னா ஆவறது?” என்று காபி கொடுத்து அனுப்பினார். மனை விற்பவர், “எங்க லேஅவுட்ல படகு ஓடுச்சா? அது போட்டிங் வசதிப்பா” என்றார். வீட்டு உரிமையாளர்கள் வாடகைக்கு யோசித்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் உரிமையாளரை யோசித்தார்கள். மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டிப் பால் பாக்கெட் வாங்கிய ஒரு ஆசிரியர், அது உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டார்.

ஏழாவது நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்கள்.

என் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புயலுக்குப் பிறகு மாலாவுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஊரெல்லாம் பழைய பிரெஞ்சு வீடுகளை விடுதியாக்கி நன்றாக இருக்கிறார்கள். எங்கள் வீடு கட்டியது தொண்ணூற்றெட்டில், அதுவும் கூட்டுறவுக் கடனில். ஆனாலும் சுவருக்கு மஞ்சள் அடித்து, ஓரத்துக்கு வெள்ளை அடித்து, வாசலில் ஓடாத சைக்கிள் ஒன்றைச் சாய்த்து வைத்து, ஹாண்டில்பாரில் காகிதப்பூத் தொட்டி மாட்டி, மாலா இல்லம் என்பதைப் பிரெஞ்சாக்கி “மேசோன் மாலா” என்று பலகை வைத்தாகிவிட்டது. மாடி அறைக்கு இணையத்தில் விளம்பரம் நானே எழுதினேன். கடைசி வரி: “உயரமான இடம். மழைநீர் தேங்காத பகுதி.” அந்த வாக்கியம் எனக்குக் கைவந்த வாக்கியம்.

அஞ்சலாட்சி பலகையை ஒரு முறை படித்துவிட்டு உள்ளே வந்தாள்.

“சார், ஒரே ஒரு கையெழுத்து. எங்க பூக்கூடை இங்கதான நின்னுச்சி?” என்று ஃபிரிட்ஜ் பக்கத்தைக் காட்டினாள். “அக்காதான எடுத்து ஒசரத்துல வச்சி, மறுநா குடுத்தாங்க?”

மாலா சமையலறைக்குள் போய், தேவையில்லாமல் மிக்சியைப் போட்டாள்.

“இவரு ஒங்கள ஏத்திக்கினு போனதுலதான் சார் அந்தத் தண்ணி பூந்துச்சி” என்றாள் அஞ்சலாட்சி. “அன்னிக்கி நீங்க கட்டில் மேலயே குந்திக்கினு இருந்திருந்தா இன்னிக்கி நாங்க ஒங்க காலுல நிக்க வேணாம்.”

“அஞ்சல, பேசாம இரு” என்றார் வெற்றிவேல்.

“இன்னா பேசாம இரு? எட்டு மாசமா பேசாமதான இருக்கற?”

நான் பேனாவை எடுத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். காகிதத்தையும் எடுத்தேன். தேதி போட்டேன். “நான் கீழ்க்கண்டவாறு உறுதியளிக்கிறேன்” வரை எழுதினேன். அப்போது என் போன் அடித்தது. மாடி அறைக்கு முதல் விருந்தினர், பெங்களூரிலிருந்து. “டிசம்பர்ல வரலாம்னு இருக்கோம் சார். உங்க ஏரியாவுல தண்ணி நிக்காதுல்ல?”

மிக்சி நின்றது.

எதிரில் வெற்றிவேல் நின்றார். இருபத்தாறு வருஷம் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துப் பழகிய கண்கள். நான் சொல்லப்போவது அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

“நிக்காது சார்” என்று போனில் சொன்னேன்.

அஞ்சலாட்சி மடியிலிருந்து ஒரு முழம் மல்லி எடுத்து மேசையில் வைத்தாள். “அக்காவுக்குக் குடுங்க. கூடை கூடத்துக்கு வரல, பூவாவது வரட்டும்.”

மறுநாள் விடுவிப்பு உத்தரவை நானே அடித்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன். வேறென்ன செய்ய முடிந்தது என்று பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். கேட்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் என் பழக்கம்.

வீராம்பட்டினம் அம்மன் தேர் முடிந்த பிறகு அவர் ஏனாம் போகலாம் என்று இயக்குநர் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆடி வெள்ளித் தேருக்கு அந்தக் காலத்துப் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்தார் என்பது ஊர்ப் பேச்சு. பெரிய மனிதர்கள் எல்லாம் வடத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அந்தப் படத்தில் ஓரத்திலாவது இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் பல வருஷக் கனவு. கூட்டம் சேரும் முன்பே போக வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

“சார், வண்டி தாங்காது சார். நடந்தே போயிடலாம்” என்றார் வெற்றிவேல்.

“ஆல்-வீல் டிரைவ்யா இது!”

தேரோடும் வீதியில் திரும்பினோம். அம்மாவாசை சொன்ன அந்தப் பெட்டிக்குத் திரும்புவதுதானே வேலை? பின்னால் ஒரு முனகல், ஒரு பெருமூச்சு, பிறகு தேங்காய் உடைப்பது போல் ஒரு சத்தம். வண்டி உட்கார்ந்துகொண்டது. சரியாக நட்ட நடுவீதியில். பின் சக்கரங்கள் இறுகிவிட்டன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எதிரே அலங்காரம் முடிந்த தேர். நடுவில் நாங்கள்.

நாதஸ்வரக்காரர் பாதி ராகத்தில் நிறுத்தினார்.

“யாருயா அது, சாமிக்கு முன்னால பார்க்கிங் போட்டது?”

“தண்ணி நிக்காத ஆபீசுக்காரங்கப்பா!” என்று கூட்டத்தில் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். “அன்னிக்கி என் கட்டுமரத்துக்குப் பக்கத்துலயே ஓட்டிக்கினு போனாங்க!”

“அந்த வண்டியா? வடத்தக் கட்டுங்கடா. மொதல்ல இந்தத் தேர இழுப்போம்!”

மீன்பிடிக் கயிறு வந்தது. முன்னால் இருநூறு பேர். பின்னால் தள்ளுவதற்கு ஐம்பது பேர். இயக்குநர் இறங்கப் பார்த்தார். “நீங்க உக்காருங்க சார், உற்சவர் எறங்கக் கூடாது” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மேளக்காரர்களுக்கு யார் சொன்னார்களோ, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை வாசிக்க ஆரம்பித்தார்கள். வண்டி மணலில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. கிழவிகள் குலவை போட்டார்கள். ஜன்னல் வழியாக யாரோ வாழைப்பழத்தை எறிந்தார்கள். நானூறு மீட்டர். இயக்குநர் முதலில் முகத்தை மூடிக்கொண்டார். பாதி வழியில், பழக்கதோஷம், கை தானாகக் கும்பிட ஆரம்பித்துவிட்டது. வெற்றிவேல் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைக் கண்டதாகவும் நான் எங்கும் எழுதவில்லை.

மறுநாள் பயணப் பதிவேட்டில் அவர் கடைசியாக எழுதிய பதிவு இது. தூரம்: நானூறு மீட்டர். ஓட்டியவர்: பொதுமக்கள்.

அவர் மட்டும் ஏனாமுக்குப் போனார். வண்டி கொட்டகைக்குப் போனது. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்ததால், ஆயில் மாற்ற இன்னும் முப்பதாயிரம் பாக்கி இருக்கிறது என்று கோப்பை முடித்தோம். நிர்வாக நலன் கருதிப் புது வண்டி வாங்கினோம். இது இன்னும் உயரம். இதுவும் நான்கு சக்கரமும் இழுக்கும்.

டிசம்பர் வந்தது. மழையும் வந்தது.

இதை எழுதும் இந்தக் காலையில் நானும் மாலாவும் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறோம். பெங்களூர் விருந்தினர் மாடியிலிருந்து, கீழே இறங்க வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓடாத சைக்கிள் முதல் முறையாக ஓடி, எதிர் வீட்டுக்குப் போய்விட்டது. பூக்கூடை வருகிறதா என்று மாலா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வரவில்லை. அஞ்சலாட்சி இந்த வருஷம் கூடையைக் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிட்டாள்.

சற்று முன் ஏனாமிலிருந்து போன்.

“சார், நல்லா இருக்கீங்களா? அங்க மழைன்னு டிவியில சொன்னாங்க. அபி போன எடுக்கல. நம்ம தெருவுல தண்ணி நிக்குதா சார்?”

கதவுக் கைப்பிடி வரை அலை அடித்துக்கொண்டு, புது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அறிக்கை அடிக்க என்னை ஏற்றிப்போக வருகிறது. ஹாரன் அடித்தார்கள். மாடியிலிருந்து விருந்தினர் எட்டிப் பார்த்தார்கள். மாலா என் வாயைப் பார்த்தாள்.

“நிக்கலப்பா” என்றேன். “எங்கயும் நிக்கல.”

ஹாரன் சத்தம் ஏனாம் வரை கேட்டிருக்கும். வெற்றிவேல் மெதுவாகச் சொன்னார்:

“சந்தோஷம் சார். அப்ப புது வண்டிக்கும் ஆயில் மாத்த வேண்டியதில்ல.”